கிட்டப்பார்வையும் ஒளிச் சிகிச்சையும்

(தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதியது)

தோற்றுவாய்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையிலே, எங்கள் ஊர் ஆலயத்தின் பின்வரிசையில் யாங்கள் குடும்பமாக அமர்ந்திருந்தோம். அப்பொழுது என் தம்பி, பாடவேண்டிய கீர்த்தனையின் எண் யாதென என் செவியில் மெல்ல வினவினான். எண் எழுதிய பலகை வழக்கம்போலப் பிரசங்க பீடத்தின் அருகே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. "பலகையைப் பார்த்துக்கொள்ளலாகாதா?" என்று யான் கடிந்துகொண்டேன். "பலகை தெரிகிறது, அண்ணா, எண்தான் தெரியவில்லை" என்றான். அவனுக்கு அப்பொழுது வயது ஒன்பது. அவனுக்கு அப்பால் இருந்த எங்கள் பாட்டியாரோ பலகையின் எண்ணைத் தடையின்றிப் படித்துவிட்டார். ஆயின், கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை முழநீளம் தள்ளிப் பிடித்தும் அவ்வெண்ணுக்குரிய பக்கத்தைக் காணமாட்டாது திகைத்தார். தொலைவிலுள்ளது பாட்டியாருக்கு விளங்கிற்று. அண்மையிலுள்ளது தம்பிக்கு விளங்கிற்று. இருவரும் ஒருவர்க்கொருவர் துணையாகி அன்று அக்கீர்த்தனையைப் பாடி முடித்தனர்.

பாட்டியாருக்கு வந்தது வெள்ளெழுத்து. அது நாற்பது வயதைக் கடந்தார் யாவர்க்கும் வருவது. அதனை எண்ணி எவரும் வருந்துவதில்லை. தம்பிக்கு வந்ததோ கிட்டப்பார்வை. மறுவாரம் கண் மருத்துவர் அவனுக்கு மூக்குக்கண்ணாடி எழுதிக் கொடுத்தார். ஓராண்டிற்குள் அக்கண்ணாடியின் வலிமையை ஒரு டயாப்டர் உயர்த்த வேண்டியதாயிற்று. "இன்னும் எத்துணை உயரும்?" என்று அன்னையார் வினவ, "வளருங்காறும் உயரலாம்" என்பதே மருத்துவர் விடையாயிற்று. இந்நிலையில் என் தந்தையார் தம் கைபேசியில் ஒரு விளம்பரத்தைக் கண்டார். பிள்ளைகள் நாடோறும் சில நிமிடம் ஒரு சிவப்பு விளக்கை நோக்கியிருப்பின் கிட்டப்பார்வை மேலும் வளராது நிற்கும் என்பது அதன் சாரம். தந்தையார் அதனை என்னிடம் காட்டி, "நீ படித்தவன், இது மெய்யோ பொய்யோ பார்த்துச் சொல். மெய்யானால் கடன்பட்டேனும் வாங்கிவிடலாம்" என்றார்.

யான் இலக்கணமும் இலக்கியமும் கற்பவன், மருத்துவம் கற்றவனல்லேன். எனினும் தந்தை கேட்ட வினாவிற்கு ஆராயாது விடையிறுத்தல் பிழையாகும் என்றஞ்சி, இரண்டு திங்கள் கல்லூரி நூல்நிலையத்தில் இருந்து கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன். அறிவியல் வகுப்பு ஆசிரியர் ஒருவர் ஐயம் நேர்ந்துழி விளக்கி உதவினார். அங்ஙனம் யான் அறிந்துகொண்டவற்றையே ஈண்டு நண்பர்களுக்கு முறைப்பட எடுத்துரைக்க முயல்கின்றேன்.

கண்ணின் அமைப்பும் பிழையும்

கண்ணை ஒரு சிறு இருட்டறை எனலாம். முன்புறத்தே கருவிழியைப் போர்த்த தெளிந்த படலமும், அதன் உட்புறத்தே விழிவில்லையும் உள்ளன. இவ்விரண்டும் புறத்தேயிருந்து வரும் ஒளிக்கதிர்களை வளைத்து ஒருங்குகூட்டுகின்றன. அறையின் பின்சுவரில் விழித்திரை என்னும் மெல்லிய நரம்புத் தோல் விரிந்துளது. கதிர்கள் சரியாக விழித்திரையின்மேற் குவியின் உருவம் தெளிவாகத் தோன்றும். முன்னரே குவிந்துவிடின் விழித்திரையை அடையும்போது அவை மீண்டும் பரந்து, உருவம் மங்கலாகும். இம்மங்கலே கிட்டப்பார்வை. இவ்வுண்மையை முதன்முதல் தெளிவுற விளக்கியவர் ஜெர்மானிய வானநூற் புலவராகிய கெப்ளர். அவர் அதனை வெளியிட்ட ஆண்டு 1604. குழிவில்லை கதிர்களைச் சற்றே விரித்துக் குவியுமிடத்தைப் பின்னே தள்ளுதலின் தெளிவு உண்டாகின்றது.

கதிர்கள் முன்னரே குவிவதற்குக் காரணம் யாது? பெரும்பாலும் வில்லையின் குற்றமன்று, அறையே நீண்டுவிட்டது. பிறந்த குழவியின் கண் முன்பின்னாக ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் நீளமுடையது. வளர்ந்தோர் கண் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். இவ்வளர்ச்சி பார்வையின் தெளிவையே அளவுகோலாகக் கொண்டு, வேண்டுமளவு வளர்ந்து நிற்றற்குரியது. சில பிள்ளைகட்கு அது நிற்கவேண்டிய இடத்தில் நில்லாது மேலும் நீளுகின்றது. ஒரு மில்லிமீட்டர் மிகையாக நீண்டால் ஏறக்குறைய இரண்டரை டயாப்டர் கிட்டப்பார்வை உண்டாகும்.

டயாப்டர் என்பது வில்லையின் வலிமையை அளக்கும் அளவை. அதனை எளிதாக உணரும் வழி ஒன்றுண்டு. ஒரு மீட்டரை டயாப்டர் எண்ணால் வகுத்தால், கண்ணாடியின்றித் தெளிவாகக் காணக்கூடிய எல்லை தெரியும். ஒரு டயாப்டர் உடையான் ஒரு மீட்டருக்கப்பால் மங்கலாகவே காண்பான். இரண்டு உடையான் அரை மீட்டருக்கப்பால். நான்கு உடையான் கால் மீட்டருக்கப்பால். ஆலயத்துப் பலகை என் தம்பிக்கு ஏன் மறைந்தது என்பது இதனால் விளங்கும்.

"கண்ணாடி அணிந்தால் தெரிகிறதே, இதனை நோயெனக் கொண்டு அஞ்சுவானேன்?" என்று வினவலாம். கண்ணாடி உருவத்தைத் திருத்துமேயன்றி நீண்ட கண்ணைச் சுருக்காது. நீண்ட கண்ணின் விழித்திரை, இழுத்துக் கட்டிய துணிபோல மெலிகின்றது. ஐந்து அல்லது ஆறு டயாப்டருக்கு மேற்பட்டார்க்குப் பிற்காலத்தே விழித்திரை கிழிந்து பிரிதலும், அதன் நடுவிடம் சிதைதலும், கண்ணீர் அழுத்த நோய் எனப்படும் கிளாக்கோமாவும் வருதற்கு இடம் மிகுதி. இச்சிதைவுகளைக் கண்ணாடி மாற்றாது. ஆதலின் இளமையில் அந்நீட்சியைத் தடுத்தலோ தாமதப்படுத்தலோ இயலுமாயின், அது முதுமையிற் குருடாகாது காப்பதாகும்.

ஒரு பழைய ஆராய்ச்சி

கிட்டப்பார்வைக்கும் பள்ளிக்கூடத்திற்கும் தொடர்புண்டு என்பது நெடுநாளைய எண்ணம். அதனை எண்ணிக்கையால் நிறுவியவர் பிரெஸ்லௌ நகரத்துக் கண் மருத்துவராகிய ஹெர்மான் கோன் என்பார். அந்நகரம் இஞ்ஞான்று போலந்து நாட்டில் விராத்ஸ்வாப் என்னும் பெயரோடு விளங்குகின்றது. கோன் 10,060 மாணாக்கர்களின் கண்களைச் சோதித்து, முடிவுகளை 1867-இல் வெளியிட்டார். நாட்டுப்புறப் பள்ளிகளில் கிட்டப்பார்வையுடையார் நூற்றுக்கு 1.4, நகரத்து உயர்தரப் பள்ளிகளில் நூற்றுக்கு 26.2. வகுப்பு உயர உயர எண்ணிக்கையும் உயர்ந்தது. அவர் இதற்குக் கூறிய காரணங்களுள் வகுப்பறையின் ஒளிக்குறைவு தலையாயது. பள்ளிக்கூடங்கள் இயன்றமட்டும் பகலொளி புகுமாறு கட்டப்படுதல் வேண்டுமென அவர் இடைவிடாது வற்புறுத்தினார்.

பின்வந்தோர் பலர், நூலை அண்மையில் வைத்துப் படித்தலே முதற்காரணமெனவும், பெற்றோர்வழி வருவதே பெரிதெனவும் கொண்டு, ஒளியைப் பற்றிய கருத்தை ஒருபுறம் வைத்துவிட்டனர். பெற்றோர் இருவர்க்கும் இக்குறை இருப்பின் பிள்ளைகட்கு வருதல் மிகுதி என்பது உண்மையே. ஆயினும் ஒரு தலைமுறைக்குள் ஒரு நாட்டினரின் பிறவியியல்பு மாறிவிடுதல் இல்லை. குறையோ ஒரு தலைமுறைக்குள்ளே பன்மடங்கு பெருகியது. 2010-ஆம் ஆண்டில் தென்கொரியாவின் தலைநகராகிய சியோலில் படைச்சேவைக்குச் சோதிக்கப்பட்ட பத்தொன்பது வயது ஆடவருள் நூற்றுக்கு 96.5 பேர் கிட்டப்பார்வையுடையராயிருந்தனர். என் வயதினர் நூற்றுவரை ஓர் இடத்தே நிறுத்தினால், தொலைவிலுள்ளதைத் தெளிவாகக் காண்பார் மூவர் அல்லது நால்வரே என்பது இதன் பொருள். 2016-இல் வெளிவந்த ஒரு கணக்கு, 2000-ஆம் ஆண்டில் உலக மக்களுள் ஏறக்குறைய 140 கோடிப் பேருக்கிருந்த இக்குறை, 2050-இல் பாதி மக்களைப் பற்றும் எனவும், அவருள் மிகைக் கிட்டப்பார்வையுடையார் 100 கோடிக்குச் சற்றுக் குறைவாயிருப்பர் எனவும் மதிக்கின்றது. இந்தியாவில் அந்நிலை இன்னும் நேர்ந்திலது. 2015-இல் வெளிவந்த டில்லி மாநகரப் பள்ளி ஆராய்ச்சியில் நூற்றுக்கு 13.1 பிள்ளைகளே இக்குறையுடையராகக் காணப்பட்டனர். நமக்கு இன்னும் காலம் உளது என்று கொள்ளலாம்.

வெயிலே மருந்தாதல்

கோன் கூறிய கருத்து மீண்டும் உயிர்பெற்றது ஆஸ்திரேலியாவிலே. சிட்னி நகரத்திலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன மரபினராகிய ஆறேழு வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டு, கேத்ரின் ரோஸ், ஐயன் மார்கன் முதலானோர் 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சிங்கப்பூரில் நூற்றுக்கு 29.1 பிள்ளைகட்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் நூற்றுக்கு 3.3. மரபோ ஒன்று, பெற்றோர்க்கிருந்த குறையும் ஏறக்குறைய ஒத்ததே. படிப்பிற் குறைந்தவர்களோ சிட்னிப் பிள்ளைகள் எனின், அதுவுமன்று. அவர்களே வாரத்தில் மிகுதியான நூல்களைப் படித்தவர்கள். பெரிய வேறுபாடு ஒன்றே காணப்பட்டது. சிட்னிப் பிள்ளைகள் வாரத்திற்கு 13.75 மணி நேரம் வெட்டவெளியிற் கழித்தனர். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3.05 மணி நேரமே.

வெளியில் ஆடும் ஆட்டத்தின் உடற்பயிற்சியே இந்நன்மையைத் தந்திருக்கலாகாதா என்னும் ஐயம் எழும். அதே ஆராய்ச்சியாளர் சிட்னியிற் செய்த மற்றோர் ஆராய்ச்சியில், கூரையின்கீழ் ஆடிய ஆட்டம் கண்ணைக் காக்கவில்லை எனக் கண்டனர். ஆட்டமின்றி வெளியில் வாளா இருந்தாலும் பயன் கிட்டிற்று. ஆகவே காப்பது ஆட்டமன்று, வெளியே என்பது பெறப்பட்டது.

ஒப்பிட்டுக் காண்டல் ஒன்று. செய்து காண்டல் மற்றொன்று. பின்னதனைச் சீன நாட்டுக் குவாங்ஜோ நகரத்தார் செய்தனர். 2010-இல் 12 தொடக்கப் பள்ளிகளைத் தேர்ந்து, திருவுளச்சீட்டு முறையில் இரு கூறாக்கினர். ஆறு பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை நாடோறும் 40 நிமிடம் மிகுதியாக வெளியே அனுப்பினர். ஏனைய ஆறில் வழக்கப்படி விடுத்தனர். மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது, வழக்கப்படி இருந்தாருள் நூற்றுக்கு 39.5 பேருக்குக் கிட்டப்பார்வை புதிதாக வந்திருந்தது; வெளியே சென்றாருள் 30.4 பேருக்கே வந்திருந்தது. 2015-இல் வெளியான இம்முடிவு கற்றோர் கருத்தை ஈர்த்தது. தைவான் அரசினர் இதற்கு முன்னரே, 2010-இல், நாடோறும் 120 நிமிடம் பிள்ளைகளை வெளியே விடும் திட்டமொன்றைத் தொடங்கியிருந்தனர். அங்கே ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருந்த பார்வைக் குறைவு திசைமாறி, 2012-இல் நூற்றுக்கு 49.4 ஆக இருந்தது 2015-இல் 46.1 ஆக இறங்கிற்று.

ஒளி எவ்வாறு தொழிற்படுகின்றது?

வெளிக்கும் அறைக்கும் உள்ள வேறுபாடு நம் கண்ணுக்குத் தோன்றுவதினும் மிகப் பெரிது. ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீட்டர் தொலைவிலுள்ள பொருளின்மேல் வீசும் ஒளியை ஏறக்குறைய ஒரு லக்ஸ் என்பர். நன்கு விளக்கேற்றிய வகுப்பறையில் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். நண்பகல் வெயிலில் 100,000 லக்ஸ் வரை உண்டு. மரநிழலில் நின்றாலும் அறையினும் பன்மடங்கு மிகுந்த ஒளி கிடைக்கும். கண் ஒளிக்கேற்பத் தன்னை மாற்றி ஈடுசெய்துவிடுதலின் இவ்வேற்றுமையை நாம் உணர்வதில்லை.

ஒளி கண்ணின் வளர்ச்சியை அடக்கும் வகையை விலங்குகளிடத்தே ஆராய்ந்தனர். 1977-இல் வீசல், ரவியோலா என்னும் இருவர், பிறந்த குரங்குக் குட்டியின் இமையைத் தைத்து மூடினால் அக்கண் அளவுகடந்து நீண்டுவிடுதலைக் கண்டு வெளியிட்டனர். தெளிந்த உருவம் பெறாத கண் நிற்குமிடம் அறியாது வளர்கின்றது என்பது இதனாற் புலனாயிற்று. 1989-இல், அங்ஙனம் உருவம் மறைக்கப்பட்ட கோழிக்குஞ்சின் விழித்திரையில் டோப்பமின் என்னும் பொருள் குறைவது அறியப்பட்டது. ஒளி மிகின் விழித்திரை டோப்பமினை மிகுதியாகச் சுரக்கும். அது கண்ணின் சுவருக்கு "வளர்ச்சி போதும்" என அறிவிக்கும் தூதுபோலும். 2009-இல் ஜெர்மனியில், மங்கலாடி அணிவித்த குஞ்சுகளை நாடோறும் ஐந்து மணி நேரம் 15,000 லக்ஸ் ஒளியில் வைத்தனர். 500 லக்ஸில் இருந்த குஞ்சுகளை நோக்க, இவற்றின் கிட்டப்பார்வை ஏறக்குறைய நூற்றுக்கு 60 பங்கு குறைந்தது. அடுத்த ஆண்டில், டோப்பமினைத் தடுக்கும் மருந்தைக் கண்ணிற் செலுத்தியபோது, மிக்க ஒளியிலும் அந்நன்மை உண்டாகவில்லை. தூதனைத் தடுத்தால் செய்தி சென்றடையாதன்றோ?

இதனைக் கண்டவுடன், வெயிலை அறைக்குட் கொணரலாகாதா என்று அறிஞர் எண்ணியது இயல்பே. குவாங்டுங் மாகாணத்து யாங்ஷி என்னும் ஊரில் கூரையும் சுவரும் கண்ணாடியாலாகிய வகுப்பறை ஒன்றைக் கட்டிப் பார்த்தனர். தோக்கியோவிலுள்ள கேயோ பல்கலைக்கழகத்தார் ஊதாநிற ஒளியே கண்ணைக் காப்பது என 2017-இல் வெளியிட்டு, சன்னற் கண்ணாடியும் மூக்குக்கண்ணாடியும் அவ்வொளியைத் தடுத்துவிடுதலைச் சுட்டிக்காட்டினர். இவற்றையெல்லாம் விடப் பெரும்பேச்சுக்கு உரியதாயிற்று, என் தந்தையார் விளம்பரத்திற் கண்ட செவ்வொளி.

செவ்வொளிச் சிகிச்சை

இது சீன நாட்டிலே தோன்றிய முறை. சோம்பற்கண் என்னும் மற்றொரு குறைக்கு ஆளப்பட்ட செவ்வொளிக் கருவியே கிட்டப்பார்வையின் நீட்சியையும் அடக்குகின்றது என்று தற்செயலாகக் கண்டனர் என்ப. கருவி ஒரு சிறு பெட்டி. அதில் இரு கண்ணுக்கும் இரு துளைகள். பிள்ளை அவற்றின்வழி உள்ளே நோக்கின், 650 நானோமீட்டர் அலைநீளமுடைய சிவந்த ஒளி நேரே விழித்திரையிற் படும். ஒருமுறைக்கு மூன்று நிமிடம், நாளொன்றுக்கு இருமுறை, இரண்டிற்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். இவ்வளவே சிகிச்சை.

பயன் யாதெனின், எண்கள் வியக்கத்தக்கன. 8 முதல் 13 வயதுள்ள 264 பிள்ளைகளைக் கொண்டு ஓராண்டு நடைபெற்ற ஆராய்ச்சி 2022-இல் அச்சேறியது. கண்ணாடி மட்டும் அணிந்தாருடைய கண் அவ்வாண்டில் 0.38 மில்லிமீட்டர் நீண்டது. செவ்வொளி பெற்றாருடைய கண் 0.13 மில்லிமீட்டரே நீண்டது. டயாப்டர்க் கணக்கில், முன்னவர்க்கு 0.79 ஏறிற்று, பின்னவர்க்கு 0.20. நீளத்தின் வேறுபாடு கால் மில்லிமீட்டர். மேலே கூறிய ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டரை டயாப்டர் என்னும் கணக்கின்படி அது 0.6-க்குச் சற்று மேற்படும். காணப்பட்ட வேறுபாடு 0.59. இரண்டு அளவையும் ஒத்து நிற்றலின் முடிவை ஐயுறுதற்கு இடம் குறைவு. அவ்வோராண்டில் கொடிய தீங்கு ஒன்றும் நேர்ந்திலது என்றும் அவ்வாராய்ச்சியாளர் எழுதினர். இதனைப் படித்த அன்று, விளம்பரம் மெய்யே என்று தந்தையாருக்குச் சொல்லிவிட எண்ணினேன். நல்வாய்ப்பாக, அறிவியல் ஆசிரியர், "ஒரு கட்டுரையோடு நில்லாதே, அதன் பின் வந்தவற்றையும் படி" என்றார்.

அதன்கண் எழும் ஐயங்கள்

பின் வந்தவற்றைப் படித்தபோது நான்கு ஐயங்கள் எழுந்தன.

முதலாவது, கருவியை நிறுத்தினால் நேர்வது. ஓராண்டு செவ்வொளி பெற்றுப் பின் நிறுத்திய பிள்ளைகளின் கண், முன் அடங்கியிருந்த வளர்ச்சியை மீட்பதுபோல் விரைந்து நீண்டது என 2022-இல் வெளியான இரண்டாண்டு முடிவு கூறுகின்றது. ஆகவே தொடங்கினால் இடையில் விடுதற்கில்லை. பிள்ளை வளர்ந்து முடியுங்காறும் பல்லாண்டு நடத்தல் வேண்டும். ஓராண்டு தீங்கு செய்யாதது பத்தாண்டு தீங்கு செய்யாது என்று கோடல் அளவைநூல் முறைக்கு ஒவ்வாது.

இரண்டாவது, அது தொழிற்படும் வகை. வெயில் காப்பதற்கு டோப்பமின் காரணம் என்பதற்குப் பல சான்றுகள் உள. செவ்வொளிக்கு அங்ஙனம் நிறுவிய காரணம் இல்லை. விழித்திரைக்குப் பின்னுள்ள குருதிப்படலம் அதனால் தடிப்பதைக் கண்டு, குருதியோட்டம் பெருகுதலே காரணமாகலாம் என்பர். விலங்குகளிடத்தும் முடிவு ஒருபடித்தாயில்லை. குரங்குக்குட்டிகளின் கண் வளர்ச்சியைச் செவ்வொளி அடக்கிற்று. கோழிக்குஞ்சுகளிடத்தோ அதற்கு மாறாகக் கிட்டப்பார்வையையே தந்தது.

மூன்றாவது, ஒளியின் அளவு. இக்கருவிகளுட் பலவற்றில் உள்ளது லேசர் ஒளி. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் சில கருவிகளை அளந்து, மூன்று நிமிடம் இடைவிடாது நோக்கினால் விழித்திரை தாங்கத்தக்கதென வகுத்த வரம்பை நெருங்குதலோ கடத்தலோ நிகழும் என 2024-இல் அறிவித்தனர். கண் கூசும்போது இமை தானே மூடிக்கொள்வது இயற்கை அளித்த காவல். அக்காவலைப் பிள்ளை தானே விலக்கி, விழித்த கண்ணோடு விளக்கை நோக்குமாறு பழக்குவதே இச்சிகிச்சை.

நான்காவது, நேர்ந்துவிட்ட தீங்கு. சீன நாட்டில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி ஐந்து திங்கள் செவ்வொளி பெற்றபின் இரு கண்ணிலும் பார்வை குன்றி மருத்துவரிடம் வந்தாள். அவளுடைய விழித்திரையின் நடுவிடம் சிதைந்திருந்தது. விளக்கை விட்டு விலகிய பின்பும் அதன் சாயல் நெடுநேரம் கண்ணில் நின்றதென்று அவள் கூறினாள். சிகிச்சையை நிறுத்திய பின் சில திங்களில் பார்வை ஓரளவு மீண்டது. இச்செய்தி 2023-இல் வெளியாயிற்று. 2025-இல் வந்த ஓர் ஆராய்ச்சி, செவ்வொளி பெற்ற பிள்ளைகளின் விழித்திரையில் கூம்புக் கலங்களின் நெருக்கம் குறைந்திருப்பதைக் காட்டிற்று. எழுத்தைப் படிப்பதும் நிறத்தை அறிவதும் அக்கலங்களாலேயே.

சீன அரசினரே 2023-இல் இக்கருவிகளை மிகுந்த கண்காணிப்புக்குரிய மூன்றாம் வகுப்பு மருத்துவக் கருவிகளுள் வைத்து, 2024 ஜூலை 1 முதல் அவ்வகுப்பிற்குரிய பதிவு பெறாதவற்றைச் செய்தலும் விற்றலும் கூடாதென ஆணையிட்டனர். தோன்றிய நாட்டிலேயே இத்துணைக் காவல் வேண்டப்பட்ட ஒன்றைக் கைபேசி விளம்பரத்தின் துணைகொண்டு வீட்டிற்கு வரவழைத்தல் அறிவுடைமையாகுமா?

ஈண்டு நடுவுநிலை பிறழாது ஒன்று கூறல் வேண்டும். செவ்வொளி பொய்யன்று, அதன் பயன் அளந்து காணப்பட்டதே. விரைந்து வளரும் மிகைக் கிட்டப்பார்வையுடைய பிள்ளைக்கு, தேர்ந்த மருத்துவர் விழித்திரையை அடிக்கடி சோதித்து வருவாராயின், நன்மை தீமைகளை எடைபோட்டுப் பார்க்க இடமுண்டு. வெயிலுக்கும் ஒரு குறையுண்டு: அது கிட்டப்பார்வை வராது தடுத்தற்கண் வல்லதேயன்றி, வந்துவிட்டதை நிறுத்துதற்கண் அத்துணை வல்லதன்று. வந்தபின் தாமதப்படுத்த, மிகக் குறைந்த அளவில் அட்ரோப்பின் சொட்டு மருந்தும், நடுவிடம் ஒழிந்த பகுதியிற் பல சிறு வில்லைகள் பதித்த கண்ணாடியும் கையாளப்படுகின்றன. அவையும் மருத்துவர் கூறும் வழியே கொள்ளற்பாலன.

முடிபு

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தந்தையாரிடம் கொடுத்தேன். அவர் மாலை விளக்கின்கீழ் இருமுறை படித்தார். "விளக்கு வேண்டாம், மருத்துவரிடமே மீண்டும் கேட்போம்" என்றார். மருத்துவர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, நாடோறும் இரண்டு மணி நேரம் பிள்ளையை வெளியே விடுமாறு கூறினார். அதனை நிறைவேற்றுவதில்தான் எதிர்பாராத தடை நேர்ந்தது. தம்பி காலை எட்டு மணிக்குப் பள்ளி புகுந்து மாலை நான்கு மணிக்கு வெளிவருகின்றான். பின் தனி வகுப்பு. அது முடியும்போது பொழுது சாய்ந்துவிடுகின்றது. வாரத்தில் இருமுறை வரும் விளையாட்டு வேளையையோ, தேர்வு நெருங்கிற்றென்று கணக்காசிரியர் எடுத்துக்கொள்கின்றார். வானம் நிறைய ஒளி இருந்தும், அதனைப் பெறுதற்கு ஒரு சிறுவனுக்கு நேரமில்லை! இப்பொழுது தனி வகுப்பை நிறுத்தி, அவ்வேளையில் அவனை ஆலயத்து வெளியிலுள்ள வேப்பமரத்தடிக்கு அனுப்புகின்றோம். பாட்டியார் காவலிருக்கின்றார். வெயிலில் வாட வேண்டுவதில்லை; நிழலே போதும். சூரியனை நேரே நோக்குதல் மட்டும் எவர்க்கும் ஆகாது.

இக்கல்லூரியிற் பயில்வாருள் பலர் நாளை ஆசிரியராவர். பயின்று சென்றாருள் பலர் இன்று ஆசிரியராயும் பெற்றோராயும் உள்ளனர். அவர்களுக்கு யான் பணிவுடன் கூறிக்கொள்வது ஒன்று. விளையாட்டு வேளை பாடத்திலிருந்து திருடிய வேளையன்று. குவாங்ஜோப் பிள்ளைகளைக் காத்தது 40 நிமிடமே. பாடம் ஒப்பியாத பிள்ளையைத் தண்டிக்க விரும்பினால் வேறு வழி காண்க. இடைவேளையில் வகுப்பறைக்குள் அடைத்து வையற்க. பின்வரிசைப் பிள்ளை கரும்பலகையைப் பாராது அடுத்தவன் ஏட்டைப் பார்த்து எழுதினால், களவு என்று கடியுமுன் அவன் கண்ணைச் சோதிப்பிக்க. யானும் ஆலயத்தில் என் தம்பியைக் கடிந்தே தொடங்கினேன். அதனை எண்ணுந்தோறும் நாணுகின்றேன்.

சென்ற ஞாயிறன்றும் பின்வரிசையிலேயே அமர்ந்திருந்தோம். தம்பி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பலகையை நோக்கி எண்ணைத் தானே படித்தான்; பின்னர்ப் பாட்டியாரின் புத்தகத்தை வாங்கி, உரிய பக்கத்தை எடுத்து அவர் கையிற் கொடுத்தான்.